திருச்சுழிக்கு முன்னால் ஓர் இறக்கம்

இத்தனை வருஷம் ரயில் ஓட்டிய என்னை ஒரு மிளகாய்க் களம் ஏமாற்றிவிட்டது. வெளியே சொன்னால் வெட்கக்கேடுதான். ஆனாலும் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

நான் சென்னையில் மின்சார ரயில் ஓட்டியவள். தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையில் என் கண்ணைக் கட்டி உட்காரவைத்தாலும், எந்த ஸ்டேஷன் வருகிறது என்று பிரியாணி வாசனையை வைத்தே சொல்லிவிடுவேன். வீட்டுக்காரருக்கு விருதுநகருக்கு மாற்றல் வந்தது. நானும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எஞ்சின் வண்டிக்கான பயிற்சியும் முடிந்தது. "ஓட்டத்தான் தெரியுமே, நாளைக்கே வேலைக்குப் போயிரலாம்ல?" என்று புது வீட்டுக்காரம்மா கேட்டார். அது அவ்வளவு சுலபமில்லை.

ரயில் ஓட்டத் தெரிவது வேறு, ஒரு குறிப்பிட்ட பாதையில் ஓட்டத் தெரிவது வேறு. பஸ்காரர் எதிரே மாடு வந்தால் பிரேக்கை மிதித்துவிடுவார். ரயில் அப்படி நிற்காது. வளைவைக் கண்ணால் பார்த்த பிறகு பிரேக் போட்டால், வளைவைத் தாண்டித்தான் வேகம் குறையும். அதனால் அது வரப்போகிறது என்று முன்கூட்டியே உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் வீட்டுச் சமையலறையில் கரண்ட் போனாலும் கை நேராக உப்பு ஜாடிக்குப் போகும். அடுத்த வீட்டுச் சமையலறையில் பட்டப்பகலிலேயே தேடுவோம். ஆகவே புதுப் பாதைக்கு வந்தவர் எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும், பாதை தெரிந்த ஓட்டுநர்களோடு எஞ்சினில் ஏறிப் பகலிலும் இரவிலும் போய்ப் பார்க்க வேண்டும். பிறகு, 'இந்தப் பாதை எனக்குத் தெரியும்' என்று தானே கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ஆட்கள் இதை ரோடு படிப்பது என்பார்கள்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடம் சேரும் பிள்ளை மாதிரி விருதுநகர் ஸ்டேஷனில் போய் நின்றேன். விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரை. ஒற்றைத் தண்டவாளம். அன்றைக்கு வண்டி ஓட்டியவர் பெயர் முத்துராசு. என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர், ஆனால் தலை எஞ்சின் கூரையை இடிக்காத குறை. நான் அவர் தோளுக்குக்கூட வரமாட்டேன்.

"ஏறுங்க, ஏறுங்க. மேடம்னு கூப்புடணுமா, அக்கான்னு கூப்புடலாமா?" என்றார்.

"அக்கான்னே கூப்பிடுங்க தம்பி. மேடம்னா கோபம் வந்தாலும் திட்ட முடியாது."

"அப்பச் சரிக்கா. நானும் ஒங்கள ஒண்ணு நச்சரிக்கணும். மொதல்ல ரோட்டப் பாருங்க, அப்பறம் சொல்றேன்."

வண்டி கிளம்பியது. அடேயப்பா! சென்னையில் ஒரு ஸ்டேஷனை விட்டால் அடுத்த ஸ்டேஷனில் நிற்பவரின் சட்டைக் கலர் தெரியும். சிக்னல் சிக்னலாக வந்துகொண்டே இருக்கும். இங்கேயோ கறுப்பு மண், உடைமரம், பனை, மறுபடியும் கறுப்பு மண். அவ்வளவு பெரிய வானத்தை எஞ்சின் கண்ணாடி வழியாக நான் அதுவரை பார்த்ததே இல்லை. வாயைத் திறந்து சிரித்துக்கொண்டே வந்தேன். முத்துராசு பக்கத்தில் கைகாட்டிக்கொண்டே வந்தார். "அந்தா தண்ணித் தொட்டி தெரியுதா? அதத் தாண்டுனா கேட்டு. இந்தா, இந்தச் சின்னப் பாலத்துலருந்து ஏத்தம்." நான் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி மனதில் போட்டுக்கொண்டேன்.

அருப்புக்கோட்டை தாண்டித் திருச்சுழி நெருங்குவதற்கு முன்னால் ஓரிடம் வந்தது. முத்துராசு சட்டென்று வலது கையை நெற்றியில் வைத்துக் கும்பிட்டார். அதே வேகத்தில் கையை இறக்கிப் பிரேக்கைத் தொட்டார். வண்டி ஒரு முனகலும் இல்லாமல் அடங்கி, ஒரு வளைவில் சாய்ந்து போனது.

"இங்கனதாங்க்கா கவனம். பாத்தா சமதரையா இருக்கும், ஆனா எறக்கம். வண்டி நம்மளக் கேக்காமலே இழுத்துக்கிட்டு ஓடும். முன்னாடி வளைவு வேற. எங்க குலசாமி கோயில் உச்சி கண்ணுல படுறப்ப ஒரு கும்புடு போட்டுட்டுப் பிரேக்கப் போட்டா, சரியா இருக்கும்."

"எங்கே கோயில்?"

"அந்தா, கருவேலத்துக்கு மேல."

நான் எட்டிப் பார்த்தேன். கருவேலம்தான் தெரிந்தது. கோயில் கண்ணில் பட்டபோது வண்டி வளைவுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. ஏனென்றால் அதற்குச் சற்று முன்னால், தண்டவாளத்தை ஒட்டியே, ஒரு களத்தில் மிளகாய் வற்றல் காயப் போட்டிருந்தார்கள். என்ன சிவப்பு! குருடனுக்கும் தெரியும். எனக்கு இது போதும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

மானாமதுரையில் இறங்கிப் புரோட்டா பிய்த்துக்கொண்டிருந்தபோது முத்துராசு விஷயத்துக்கு வந்தார். அவருடைய தங்கை செல்வியின் மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. அதே குலசாமி கோயிலில். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும், செல்விக்கு இவர் ஒருவர்தான் அண்ணன். லீவு கிடைக்காமல் விசேஷம் ஏற்கெனவே தள்ளிப் போயிருந்தது.

"இந்த ரோடு தெரிஞ்ச ஆளுக ரொம்பக் கம்மிக்கா. ஞாயித்துக்கெழம என் வண்டிய எடுக்க ஆளு இல்லன்னு கைய விரிச்சுட்டாக. நீங்க அதுக்குள்ள கையெழுத்துப் போட்டீகன்னா லீவு தாரோம்னு சொல்லிருக்காக. தங்கச்சி மாமியா வீட்டுல ஒரே பேச்சு. 'ஒங்கண்ணன் மாமனா, இல்ல ரயிலுக்குத் தத்துப் போயிட்டானா'ங்கிறாகளாம். பயலும் வளந்துட்டான். இன்னும் தள்ளிப் போனா, அவனே ஆசாரியப் பிடிச்சு அடிச்சுப்புடுவான்."

நான் சிரித்தேன். "காதுகுத்துக்குக் கெடா வெட்டுண்டா?"

"ரெண்டு கெடாக்கா!"

"அப்படின்னா போட்டாச்சு கையெழுத்து. போய்த் தோட்டுக்கு ஆர்டர் கொடுங்க" என்றேன். வாய் எனக்கு எப்போதும் வண்டிக்கு முன்னால் ஓடும்.

செவ்வாய்க்கிழமை சேவியர் என்பவரோடு போனேன். அதிகம் பேசாத மனிதர். சட்டைப் பையில் பொரிகடலை வைத்துக்கொண்டு, நிற்கிற ஸ்டேஷனில் மட்டும் வாயில் போட்டுக்கொள்வார். அந்த இறக்கம் வந்தபோது, "நீங்களும் கோயிலைத்தான் பார்ப்பீங்களா?" என்று கேட்டேன்.

"முத்துராசு சாமி கும்புடுவான். நான் மூணு பனையப் பாப்பேன்."

சுற்றிலும் பனங்காடு. "எந்த மூணு?"

"மூணுதாம்மா" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

இதுதான் இந்தத் தொழிலின் வேடிக்கை. பலகை உண்டு, படம் போட்ட தாள் உண்டு, இறக்கம் இத்தனை என்று கல்லிலேயே எழுதியிருக்கும். ஆனால் கை எப்போது அசைய வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு ஓட்டுநரும் தனித்தனியாக ஓர் அடையாளம் வைத்திருப்பார். ஒருவருக்குப் பனை, ஒருவருக்குக் கோயில், இன்னொருவருக்கு யார் வீட்டு மாட்டுக் கொட்டகையோ. அன்று டீக்கடையில் இரண்டு பேரிடமும் கேட்டேன், யார் அடையாளம் சரி என்று. ரெண்டு பேருக்கும் சண்டையே வந்துவிட்டது. "ஒன் பனை ஒரு நாளைக்கு விழுந்துரும்ணே" என்றார் முத்துராசு. "ஒன் கோயிலுக்கு எதுக்க எவனாச்சும் மாடி வீடு கட்டுவான்" என்றார் சேவியர். நான் என் மிளகாயை நினைத்து மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அன்று இரவுப் பயணத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பது உண்மை. ஆனால் பகலில் தெரிந்தது இரவில் தானாக வந்துவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

புதன்கிழமை மறுபடியும் முத்துராசு. இந்த முறை நான்தான் சொல்லிக்கொண்டே வர வேண்டும். தண்ணீர்த் தொட்டி, கேட், பாலம், ஏற்றம், எல்லாம் கடகடவென்று சொன்னேன். முத்துராசு தலையை ஆட்டி ஆட்டிச் சந்தோஷப்பட்டார். அருப்புக்கோட்டை போனது. நான் மிளகாய்க்காகக் காத்திருந்தேன். வருகிறது, இதோ வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். முத்துராசு கும்பிட்டார். பிரேக் போட்டார். வளைவு வந்தே விட்டது.

"அக்கா, என்ன சொல்லாம வந்துட்டீக?"

"மிளகாய் எங்கே தம்பி?"

"எந்த மொளகா?"

அவருக்கு விளங்குவதற்குச் சற்று நேரம் ஆனது. விளங்கியதும் உதவி ஓட்டுநரும் அவரும் சேர்ந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "அதத்தான் மூட்டை கட்டிட்டாகளே! இந்நேரம் விருதுநகர் கமிசன் கடையில கெடக்கும். அது நமக்கு முன்னாடியே ஊரு போய்ச் சேந்துருச்சுக்கா."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருந்தபோதே உள்ளுக்குள் சில்லென்று ஒன்று இறங்கியது. நான் தனியாக ஓட்டியிருந்தால்? பின்னால் அத்தனை பெட்டி, அத்தனை ஜனம். காய்ந்த மிளகாயை நம்பி வண்டியை வளைவுக்குள் விட்டிருப்பேன்.

விருதுநகர் திரும்பியதும் அலுவலகத்தில் தாளை நீட்டினார்கள். நான் பேனாவை எடுக்கவில்லை. டூட்டி போடுகிறவர், "எல்லா எடமும் கரெக்டாச் சொன்னீங்களாமே. ஒரே ஒரு எடம்தான? போகப் போகப் பழகிரும் மேடம். போட்டீங்கன்னா அந்தப் பையனுக்கு லீவு குடுத்துருவேன்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

முத்துராசு கதவோரம் நின்றுகொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "ஒரு இடம் தெரியலைன்னா பாதை தெரியலைன்னுதான் அர்த்தம் சார். இன்னும் ஒரு தடவை போறேன்."

"சரிக்கா" என்றார் முத்துராசு. வழக்கமாக வண்டியை விட்டு இறங்கினால் டீக்கடைக்கு இழுத்துப் போகிறவர், சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துவிட்டார். போங்கடா, என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது. கெடா விருந்து வரைக்கும் பேசிவிட்டு, கடைசியில் ஒரு பிள்ளையின் காதுகுத்தைக் கெடுத்தவள் ஆனேன்.

வியாழக்கிழமை எனக்கு ஓய்வு. வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது. அந்த இடத்தைத் தரையில் நின்று பார்த்துவிடுவது என்று பஸ்ஸைப் பிடித்து அருப்புக்கோட்டைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இட்லியும் காரச் சட்னியும் சாப்பிட்டேன். சென்னையில் சட்னி என்று ஒன்று ஊற்றுவார்கள், முகம் பார்க்கலாம். இங்கே சட்னி நாக்கைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கண்ணில் நீர் வர வர இன்னும் இரண்டு இட்லி கேட்டேன். மிளகாய்மேல் எனக்கிருந்த கோபம் பாதி அங்கேயே தணிந்தது.

திருச்சுழி பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் இடம் பிடித்தேன். தூரத்தில் தண்டவாளம் கூடவே வருகிறதா, விலகுகிறதா என்று ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டி, எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்து பார்த்துக்கொண்டு வந்தேன். பின்னால் இரண்டு பெண்கள், அருப்புக்கோட்டை நெசவாளர் வீட்டுப் பெண்கள் போலிருக்கிறது, தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். நான் ஆந்திராவின் சூலூர்பேட்டை வரை வண்டி ஓட்டியவள், தெலுங்கு எனக்குக் காதில் நன்றாகவே விழும்.

"இந்தம்மாவுக்கு என்ன ஆச்சு? சீட்டிலே முள் இருக்கா?" என்றாள் ஒருத்தி.

"புருஷன் எவளோடயோ போறான், பின்னாடியே துரத்திட்டுப் போறா" என்றாள் மற்றவள்.

"பாவம். நல்ல குடும்பத்துப் பொம்பளை மாதிரித்தான் இருக்கா."

நான் திரும்பி, "புருஷன் வீட்டில் பத்திரமாக இருக்கிறார், நான் தேடுவது தண்டவாளத்தை" என்று தெலுங்கிலேயே சொன்னேன். இரண்டு பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் ரயில் ஓட்டுகிறவள் என்று சொன்னதும் பஸ் முழுக்க அந்தச் செய்தி போய்விட்டது. ஒருவர் எழுந்து வந்து, தன் ஊரில் ரயில் நிற்காதது ஏன் என்று என்னிடம் விளக்கம் கேட்டார். ஏதோ நான் வேண்டுமென்றே நிறுத்தாமல் போகிற மாதிரி.

அப்போதுதான் பஸ் முக்க ஆரம்பித்தது. முக்கி முக்கிக் கொஞ்ச தூரம் போய், முன்பக்கத்திலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. டிரைவர் ஓரங்கட்டினார்.

"சூடாயிருச்சு. எல்லாரும் எறங்குங்கப்பா" என்றார் கண்டக்டர்.

"சமதரையிலயே ஒங்க வண்டி முக்குதே, மலை கிலை ஏறுனா என்னய்யா பண்ணுவீக?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

டிரைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சமதரையா? ஒங்களுக்குச் சமதரை. என் வண்டிகிட்டக் கேளுங்க. அந்தப் பாலத்துலருந்து ஏத்தந்தான்."

சொல்லிக்கொண்டே ஒரு குடம் தண்ணீரை வாங்கி முன்பக்கத்தில் ஊற்றினார். தண்ணீர் சுடச்சுட வழிந்து தார் ரோட்டில் விழுந்தது. விழுந்த தண்ணீர் ஒரு நொடி தயங்கியது. பிறகு பஸ்ஸுக்கு முன்பக்கமாக, திருச்சுழியைப் பார்த்து, விறுவிறுவென்று ஓட ஆரம்பித்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான் அந்தத் தண்ணீருக்குப் பின்னாலேயே நடந்தேன். பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து போனது, நானும் போனேன். திரும்பி வந்து பஸ்ஸின் பின்பக்கம் நின்று பார்த்தேன், அந்தப் பக்கம் தரை பாலத்தைப் பார்த்துச் சரிந்திருந்தது. ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்குகிற நடுமண்டையில்தான் பஸ் நின்றிருந்தது! நான் மூன்று நாளாக இறக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேனே ஒழிய, அந்த மேட்டைத் தேடவே இல்லை. பின்னால் தெலுங்குப் பெண்மணி, "சொன்னேனில்லையா, பாவம், ஏதோ ஆகிவிட்டது" என்பது காதில் விழுந்தது. ஆகட்டும்!

ரோட்டிலிருந்து தண்டவாளம் கூப்பிடு தூரம்தான். கருவேலத்தில் சேலை மாட்டிக் கிழியக் கிழிய அங்கே போனேன். போனால், ரோடு மேட்டின் மேலே ஏறி இறங்குகிறது, தண்டவாளம் மேட்டை வெட்டிக்கொண்டு உள்ளே போகிறது. இரண்டு பக்கமும் சரளை மண் சுவர் மாதிரி நிற்கிறது. ஆள் உயரம்தான், ஆனால் சுவர். மூன்று நாளாக இதற்குள்ளே போய் வந்திருக்கிறேன். கண்ணை நீட்டிக் கோயிலையும் பனையையும் மிளகாயையும் தேடிக்கொண்டு போனதால் இது கண்ணிலேயே படவில்லை.

நான் வேலிக்கு வெளியே மேட்டில் நின்றிருந்தபோது அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து வண்டி வருகிற சத்தம் கேட்டது. வெட்டவெளியில் வரும்போது சத்தம் காற்றில் கரைந்து வந்தது. சரளைச் சுவருக்குள் நுழைந்ததும் ஒரே அடியாகத் திரண்டு, மூடிய அறைக்குள் மிக்ஸி போட்ட மாதிரி கும்மென்று எழுந்தது. வெளியே போனதும் மறுபடி கரைந்தது. கேட்கக் கேட்க எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. இருட்டில்கூட இது மாறாது. உயரமானவருக்கும் குள்ளமானவளுக்கும் ஒன்றுதான். யாரும் மூட்டை கட்டி எடுத்துப் போக முடியாது.

வண்டியை ஓட்டி வந்தவர் முத்துராசு. கருவேலங்காட்டில் கிழிந்த சேலையோடு நின்ற என்னை அவர் பார்த்திருக்க வேண்டும். ஓடுகிற வண்டியிலிருந்து திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்க்கவும் இல்லை. ஆனால் தேவையில்லாத இடத்தில் ஒரு சின்ன ஹாரன் அடித்துவிட்டுப் போனார். முந்தைய நாள் குடிக்காத டீயை அப்போதே குடித்த மாதிரி இருந்தது எனக்கு.

நான் திரும்புவதற்குள் பஸ் போய்விட்டது. மிளகாய் மூட்டை ஏற்றிய குட்டி யானை வேன் ஒன்றில் தொற்றிக்கொண்டு திருச்சுழி போய்ச் சேர்ந்தேன். மூட்டையின்மேல் உட்கார்ந்து வழி முழுக்கத் தும்மினேன். டீக்கடையில் பருப்பு வடை சூடாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கணக்குப் பார்க்காமல் தின்றேன்.

வெள்ளிக்கிழமை சேவியரோடு மறுபடி ஏறினேன். அருப்புக்கோட்டை தாண்டியது. நான் கண்ணை சிக்னலில் வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக் காத்திருந்தேன். கும்மென்றது.

"இங்கே மோட்டாரை நிறுத்தணும். இனி வண்டி தானா உருளும். தொட்டாப் போதும், பிரேக்கைக் கெஞ்ச வேண்டாம்" என்றேன்.

சேவியர் என்னைப் பார்த்தார். அவருடைய மூன்று பனைக்கு இன்னும் தூரம் இருந்தது. நான் சொன்னபடியே செய்தார். வண்டி உருண்டது. வேகமானியைப் பார்த்துக்கொண்டே வந்தார். வளைவு வந்தது, போனது. திருச்சுழி ஸ்டேஷனில் நின்றதும் பையிலிருந்து பொரிகடலையை அள்ளி என் கையில் கொட்டினார். "போடும்மா கையெழுத்த" என்றார்.

அன்று சாயங்காலம் கையெழுத்துப் போட்டேன். முத்துராசுவுக்கு லீவு கிடைத்தது. உடனே போன் செய்தார். "எப்படிக்கா புடிச்சீக?" என்று கேட்டார். "கெடாக் கறியைக் கண்ணில் காட்டுங்க, சொல்றேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை. என் பக்கத்தில் உதவி ஓட்டுநர் பாசித், வீரசோழன் ஊர்க்காரர். அவருடைய அம்மா எனக்கும் சேர்த்துக் கட்டிக்கொடுத்த பார்சல் கமகமவென்று பின்னால் இருந்தது. மானாமதுரை வரை அதைத் தொடுவதில்லை என்று இருந்தேன். பிளாட்பாரத்தில் ஒரு பெண் தலை நிறையப் பூவோடு, கைக்குழந்தையோடு ஓடி வந்து மூன்றாவது பெட்டியில் ஏறியதைப் பார்த்தேன். அதற்கப்புறம் நான் யாரையும் பார்க்கவில்லை.

அருப்புக்கோட்டை வரை பாசித்தும் நானும் சிக்னலை மாற்றி மாற்றி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தோம். பிறகு, மேட்டுக்கு முன்னால் இருக்கிற பாலம். ஏற்றம். மோட்டார் சுருதி ஏறியது. கும்மென்ற அந்தச் சத்தம் எஞ்சினைச் சுற்றி எழுந்ததும் என் கை தானாகப் போய் மோட்டாரை நிறுத்தியது. வண்டி தன்பாட்டுக்கு உருள ஆரம்பித்தது. தொட்டேன். இன்னும் கொஞ்சம் தொட்டேன். வளைவில் வண்டி தொட்டில் மாதிரி சாய்ந்து நிமிர்ந்தது. அடி ஆத்தா, இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வளைவை நான் எடுத்ததில்லை!

"மேடம், கோயில்ல ஒரே கூட்டம். பந்தலு, மேளம் எல்லாம் இருக்கு" என்றார் பாசித்.

"சிக்னலைப் பாருங்க தம்பி."

"பச்ச."

"பச்சை" என்றேன் நானும். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்று கழுத்து வலித்தது. மேளச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

மானாமதுரையில் வண்டியை ஒப்படைத்துவிட்டு, பாசித்தின் பார்சலைப் பிரித்தேன். போன் அடித்தது. ஒரு பெண் குரல். பின்னால் ஒரு பிள்ளை ஊரே கேட்க அலறிக்கொண்டிருந்தது.

"ரயில் ஓட்டுற அக்காவா? நான் செல்வி பேசுறேன், முத்துராசு தங்கச்சி. ஏங்க்கா, ஒங்களுக்கே இது நியாயமா இருக்கா?"

பார்சலைக் கீழே வைத்தேன். "என்னம்மா ஆச்சு?"

"நல்ல நேரம் முடியப் போகுது. பிள்ளைய மடியில வச்சாச்சு, ஆசாரி ஊசிய எடுத்தாச்சு. எங்கண்ணன் 'பொறுங்க, பொறுங்க, வண்டி வருது'ங்கிறாக. காது ரயிலுப் பக்கமே இருக்கு. மாமியா மொறைக்கிறாக, ஆசாரி மொறைக்கிறாரு. அண்ணன் கண்ண மூடிக்கிட்டாக. திடீர்னு பிள்ள கையப் புடிச்சு இந்த இழுப்பு இழுக்காகக்கா! ஊசி படுறதுக்கு முன்னாடியே பய கத்த ஆரம்பிச்சுட்டான். என்னண்ணேன்னா, 'பிரேக்குப் போட்டேன்'ங்கிறாக!"

நான் சிரிப்பதற்குள் போன் கை மாறியது.

"அக்கா."

"என்ன தம்பி, என்மேல அவ்வளவுதான் நம்பிக்கையா? லீவு போட்டுட்டு அங்கே உட்கார்ந்து ஓட்டினீங்களாக்கும்?" என்றேன். பாதி உண்மையாகவே கோபம்தான்.

"நம்பிக்க இல்லாமலாக்கா? நீங்க அந்த மேட்டுல தனியா வாரப்ப, நான் மட்டும் கறி வாசத்துல எப்படி உக்காந்திருக்க? தொணைக்கு நானும் கூடவே வந்தேன்." சற்று நிறுத்தினார். பின்னால் பிள்ளையின் அழுகை விக்கலாக மாறியிருந்தது. "கிரீச்சுனு சத்தம் வந்துருமோ, வந்துருமோன்னு இருந்துச்சு. ஆனா எனக்கு ஒண்ணு வெளங்கலக்கா. நான் பிரேக்குப் போட்டப்ப ஒங்க வண்டியில மோட்டாருச் சத்தமே இல்ல. எனக்கு முன்னாடியே அடக்கிட்டீக. கோயில் உச்சி ஒங்களுக்குத் தெரியவே தெரியாதே. எதப் பாத்து அடக்குனீக?"

சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சரளை மேடும், கும்மென்ற சத்தமும், கிழிந்த சேலையும் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டன.

"எதையும் பார்க்கலை தம்பி. எனக்கு அந்த ரோடு தெரியும். நீங்க முதல்ல அந்தப் பிள்ளையின் கையை விடுங்க."